கூட்டு வீட்டுக் கடன் வட்டியை வரிக் கணக்கில் பிரிப்பது எப்படி? பத்திரம் முதல் ரிட்டர்ன் வரை

ஜனவரி வந்தால் எங்கள் அலுவலகத்தில் வரிக் கழிவுக்கான ஆதாரங்களைக் கேட்டு மின்னஞ்சல் வரும். அன்று மாலையே யாராவது ஒருவர் வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழோடு என் மேசைக்கு வந்துவிடுவார். "என் பெயரும் மனைவி பெயரும் இருக்கிறது. இதை எப்படிப் பிரிப்பது?" என்பதுதான் கேள்வி. சில ஆண்டுகளாக இதைப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. பிரிக்கும் வேலை ஜனவரியில் நடப்பதில்லை. பத்திரம் எழுதும் நாளிலும் கடன் வாங்கும் நாளிலும் பாதி முடிந்துவிடுகிறது. மீதி ஒவ்வொரு மாதமும் தவணை கட்டும்போது நடக்கிறது. ஜனவரியிலும், வருமான வரி ரிட்டர்ன் போடும் ஜூலையிலும் நாம் செய்வது, நடந்ததை எழுதிக் கொடுப்பது மட்டுமே.

அதனால் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே பத்திரம் முடித்து, கடனும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் முதல் இரண்டு பகுதிகளைப் படித்துவிட்டு ஆறாவதுக்குப் போகலாம். ஆனால் நான்காவதில் "பங்கு எழுதாத பத்திரம்" பற்றிய பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரிவு எண்களும் வரி விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால் அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும்.

1. மூன்று கேள்விகள்: ஆமா, இல்லையா?

வேறு எதற்கும் முன்னால், உரிமை கோரப்போகும் ஒவ்வொருவருக்கும் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பத்திரத்தில் அவர் பெயர் உரிமையாளராக இருக்கிறதா? கடன் ஒப்பந்தத்தில் அவர் கடன் வாங்கியவராக இருக்கிறாரா? தவணையில் அவர் பணம் போகிறதா?

மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் அவர் வட்டிக் கழிவு கேட்கலாம். 24(பி) பிரிவு கழிவு தருவது 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பின் கீழ். வீடு தன்னுடையதாக இல்லாதவருக்கு அந்தத் தலைப்பே கிடையாது. வீடு தன் பெயரில் இருந்தும் கடன் தன் பெயரில் இல்லாதவருக்குக் கழிக்க வட்டி கிடையாது.

அதிகம் தவறுவது இங்கேதான். கடன் தகுதித் தொகையைக் கூட்டிக் காட்டுவதற்காக மனைவியையோ அப்பாவையோ துணை விண்ணப்பதாரராகச் சேர்க்கும்படி வங்கி சொல்லியிருக்கும். பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. கடன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே கழிவு கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். கிடைக்காது.

இன்னொரு வகையை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். மனை அப்பா பெயரில் இருக்கும், மகன் கடன் வாங்கி அதில் வீடு கட்டுவார். தவணை முழுக்க மகனுடையது, ஆனால் மனைக்கான பத்திரமும் பட்டாவும் அப்பா பெயரில். கட்டடத்துக்கு நான்தான் உரிமையாளர் என்று நிறுவ மகன் கையில் ஒரு காகிதமும் இருக்காது. வீடு கட்டத் தொடங்கும் முன்பே மனையில் மகனுக்கு ஒரு பாகத்தை அப்பா செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. கட்டி முடித்தபின் எழுதினால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் வீடு யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

2. யார் எந்த வரி முறையில் இருக்கப்போகிறார்?

விகிதம் பேசுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள். பல பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

2023-24 நிதியாண்டு முதல், நாம் வேறு சொல்லாவிட்டால், புதிய வரி முறைதான் (விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு). அதில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. கடன் அசலுக்கும் வருங்கால வைப்பு நிதி போன்ற சேமிப்புகளுக்கும் 80சி பிரிவு தரும் கழிவும் இல்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் இரண்டும். நல்ல விஷயம் என்னவென்றால், கணவனும் மனைவியும் ஒரே முறையில் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பழையதிலும் மற்றவர் புதியதிலும் இருக்கலாம்.

ஓர் உதாரணம். மனைவிக்குச் சம்பளம் ஆண்டுக்கு 10 லட்சம். புதிய முறையில் 75,000 நிலைக் கழிவு (சம்பளக்காரர்களுக்குத் தானாகக் கிடைப்பது) போக 9.25 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரியே வராது. அவருடைய பங்கு வட்டியால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

கணவனுக்கு 18 லட்சம். புதிய முறையில் அவர் வரி, செஸ் என்ற மேல்வரியும் சேர்த்து 1,50,800. பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், வட்டி 2 லட்சம் மூன்றையும் கழித்தால் வரி 2,41,800. அதாவது வீட்டுக் கடன் இருந்தும் புதிய முறைதான் அவருக்கு 91,000 ரூபாய் மிச்சம் தருகிறது. இந்தச் சம்பளத்தில் பழைய முறை புதியதை எட்டிப் பிடிக்க மொத்தக் கழிவு சுமார் 6.9 லட்சம் வேண்டும்.

அப்படியானால் பழைய முறை யாருக்கு? கோயம்புத்தூரில் வீடு வாங்கி அப்பா அம்மாவைக் குடிவைத்துவிட்டு, பெங்களூரில் வாடகை கொடுத்து வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வாடகைப்படி விலக்கு 3 லட்சம் வந்தால் மொத்தக் கழிவு 7 லட்சம். வரி 1,48,200 ஆகிப் புதிய முறையை மயிரிழையில் முந்துகிறது. மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 சேர்ந்தால் 1,40,400. இப்படிப்பட்டவர்களுக்கும், வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கும்தான் கீழே உள்ளது முழுமையாகப் பயன்படும்.

உங்கள் இருவர் சம்பளத்தையும் வருமான வரித் துறை இணையதளத்தில் உள்ள கணக்கிடும் கருவியில் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்வதில் பொருளில்லை.

3. விகிதத்தை முடிவு செய்தல்

குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை. இது வீட்டுக்கான வரம்பு அல்ல, ஆளுக்கான வரம்பு. பங்குகள் திட்டவட்டமாக இருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும் என்று 26ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டாக வாங்குவதன் வரிப் பயன் முழுக்க இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

60 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். தவணை மாதம் 52,069. முதல் 12 தவணைகளில் வட்டி சுமார் 5,05,400, அசல் சுமார் 1,19,400.

ஒருவர் மட்டும் கேட்டால் 2 லட்சம்தான், 3 லட்சத்துக்கு மேல் வீண். 50:50 என்றால் ஆளுக்கு 2,52,700 வருகிறது. இருவரும் 2 லட்சம் கேட்கலாம், மொத்தம் 4 லட்சம். 60:40 என்றாலும் சிறிய பங்குக்காரருக்கு 2,02,160 வருகிறது. அவரும் 2 லட்சத்தைத் தொட்டுவிடுகிறார். 70:30 ஆனால் சிறிய பங்கு 1,51,600க்கு இறங்கிவிடும்.

ஆக, முதல் ஆண்டில் 50:50க்கும் 60:40க்கும் வித்தியாசமே இல்லை. பிந்தைய ஆண்டுகளைப் பார்த்தால் உண்டு. இரண்டாம் ஆண்டிலேயே மொத்த வட்டி 4,94,900 ஆகிறது, 40 சதவீதப் பங்கு 2 லட்சத்துக்குக் கீழே போய்விடுகிறது. 50:50 என்றால் எட்டாம் ஆண்டு வரை இருவருக்கும் 2 லட்சம் நிற்கிறது, ஒன்பதாம் ஆண்டில்தான் குறையத் தொடங்குகிறது. இருவரும் பழைய முறையில் ஒரே அளவு வரி கட்டுபவர்கள் என்றால் 50:50 போதும். ஒருவர் 30 சதவீத அடுக்கிலும் மற்றவர் 20 சதவீத அடுக்கிலும் இருந்தால், பிந்தைய ஆண்டுகளை நினைத்து முதலாமவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். 2 லட்சக் கழிவு 30 சதவீத அடுக்கில் 62,400 ரூபாய் வரியைக் குறைக்கிறது, 20 சதவீத அடுக்கில் 41,600.

ஆனால் ஒன்று. விகிதம் என்பது வரிக்காக மட்டும் போடும் எண் அல்ல. அது வீட்டில் ஒருவருக்கு உள்ள உண்மையான சொத்துரிமை. வாடகை வந்தாலும் நாளை விற்றாலும் அதே விகிதத்தில்தான் இருவர் கணக்கிலும் ஏறும். ஒருவர் தரக்கூடிய பணத்துக்கு மீறி அவர் பெயரில் பங்கு எழுதாதீர்கள். தவணையில் தன் பங்கைத் தொடர்ந்து தர முடியுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். குழந்தைக்காக இரண்டு மூன்று வருடம் வேலையை விட நினைப்பவர் பெயரில் பாதியை வைத்தால், அந்த ஆண்டுகளில் அந்தப் பாதி வட்டியால் யாருக்கும் பயன் இருக்காது.

4. பத்திரத்தில் பங்கை எழுதச் சொல்லுங்கள்

கிரயப் பத்திரத்தின் வரைவு வந்ததும் வாங்குபவர் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு பெயரும் இருக்கும், பங்கு இருக்காது. "1ஆம் நபருக்கு 60 சதவீதப் பிரிபடாத பாகம், 2ஆம் நபருக்கு 40 சதவீதப் பிரிபடாத பாகம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆவண எழுத்தருக்கு இது இரண்டு நிமிட வேலை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்தபின் மாற்றுவது அப்படி அல்ல. கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி என்றால் மனைப் பாகத்துக்கான பத்திரமும் பில்டரோடு போடும் கட்டுமான ஒப்பந்தமும் தனித்தனியாக இருக்கலாம். அப்படியானால் இரண்டிலும் அதே பெயர்கள், அதே விகிதம்.

எங்கள் பத்திரத்தில் இந்த வரி இல்லை. யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. அப்படி எழுதாத பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு விடை சொல்கிறது. தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால் யார் எவ்வளவு கொடுத்தாரோ அந்த விகிதத்தில் பங்கு. அதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சமபங்கு என்றே கொள்ளப்படும். ஆகவே முன்பணம், பில்டருக்குக் கொடுத்த தொகை, பதிவுச் செலவு எல்லாம் யார் கணக்கிலிருந்து போயின என்ற வங்கி அறிக்கைகளைத் தேடி எடுத்து வையுங்கள். நாங்கள் இப்படித்தான் எங்கள் விகிதத்தை நிறுவிக்கொண்டோம். பழைய அறிக்கைகளை வாங்க வங்கிக்கு நான்கு முறை நடந்தேன்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்கான 26கியூபி படிவத்தை ஒவ்வொரு வாங்குபவரும் தன் பங்குக்குத் தனியாகப் போட வேண்டும். பலர் கணவன் பான் எண்ணில் முழுத் தொகைக்கும் ஒரே படிவம் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பங்கு விகிதம் வருமான வரித் துறையின் பதிவில் முதன்முதலாக ஏறும் இடம் இதுதான். இங்கே 100 சதவீதம் என்று காட்டிவிட்டு ரிட்டர்னில் 50 என்றால் கேள்விக்கு நாமே வழி விடுகிறோம்.

பத்திரத்தில் மனைவி பெயர் அறவே இல்லை, இப்போது பாதியை எழுதி வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. செட்டில்மெண்ட் எழுதலாம்தான், சொத்தும் அவருக்குப் போய்விடும். ஆனால் போதிய விலை வாங்காமல் கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ வீட்டை மாற்றினால், வரிக் கணக்கில் கொடுத்தவரையே உரிமையாளராகக் கருதும்படி 27ஆவது பிரிவு சொல்கிறது. வரிக்காக இதைச் செய்வதில் பலன் இல்லை.

5. கடனில் இருவரும் கடன் வாங்கியவர்களாக இருக்க வேண்டும்

அனுமதிக் கடிதத்திலும் கடன் ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாமீன்தாரர் என்றிருந்தால் போதாது.

பத்திர விகிதமும் கடன் விகிதமும் ஒன்றாக இருப்பது நல்லது. வங்கி ஒப்பந்தத்தில் பொதுவாக விகிதம் எழுதமாட்டார்கள். அதனால் கடன் வாங்கும் வாரத்திலேயே நீங்கள் இருவரும் ஒரு முத்திரைத்தாளில் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொத்து விவரம், கடன் கணக்கு எண், உரிமை விகிதம், கடன் விகிதம், தவணையில் யார் எவ்வளவு தருவது, இவ்வளவு போதும். கேள்வி வந்தபின் எழுதிய தாளைவிடத் தொடக்கத்திலேயே எழுதிய தாளுக்கு மதிப்பு அதிகம்.

வட்டி குறைவாகக் கிடைக்கிறதென்று கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது கவனம். பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடனின் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆனால் புதிய வங்கி ஒருவர் சம்பளமே போதும் என்று ஒரே பெயரில் கடன் கொடுத்துவிட்டால் மற்றவரின் கழிவு அன்றோடு முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி கால் சதவீத வட்டியை மிச்சம் பிடிக்கப் போய் இப்படி இழந்தார்கள்.

6. தவணைப் பணம் போகும் பாதை

தவணை ஒரே கணக்கிலிருந்துதான் போகும். அதில் தவறில்லை. அந்தக் கணக்குக்கு இருவர் பணமும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாடு இது. தவணைக்கென்றே ஒரு கூட்டுக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாள் இருவர் சம்பளக் கணக்கிலிருந்தும் அவரவர் பங்கு தானாக அங்கே மாறும்படி நிலையான உத்தரவு. மேலே சொன்ன கடனில் 60:40 என்றால் ஒருவர் 31,242, மற்றவர் 20,827. ஒருமுறை போட்டுவிட்டால் 20 ஆண்டுக்கும் ஆதாரம் தானே சேர்ந்துகொண்டிருக்கும்.

"வீட்டுச் செலவெல்லாம் மனைவி பார்த்துக்கொள்கிறார், தவணை நான் கட்டுகிறேன், மொத்தத்தில் சமம்தானே" என்பார்கள். குடும்பக் கணக்கில் அது சரி. ஆனால் வரி அதிகாரி பார்ப்பது வங்கி அறிக்கையை. அதில் மனைவியிடமிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை என்றால், மளிகைக் கடை ரசீதுகளை வைத்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். முடிந்தால் இந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள். மளிகையைக் கூட்டுச் செலவாக வைத்துவிட்டு, தவணையில் இருவர் பங்கும் கண்ணுக்குத் தெரியட்டும்.

இடையில் கையில் வந்த பணத்தைக் கடனில் கட்டினால் அது அசலில் போகும். யார் கணக்கிலிருந்து போனதோ அவர்தான் 80சியில் காட்டலாம். ஒருவரே பெரிய தொகைகளைத் தொடர்ந்து கட்டினால் விகிதம் உண்மையிலேயே மாறத் தொடங்கும். ஆகவே முடிந்தவரை முன்கூட்டிக் கட்டுவதையும் அதே விகிதத்தில் இருவரும் கட்டுங்கள்.

7. சான்றிதழும் பங்குக் கடிதமும்

வங்கி தருவது ஒரே சான்றிதழ். இருவர் பெயரும் இருக்கும், தொகை முழுமையாக இருக்கும், பிரித்திருக்காது. பிரித்துத் தரச் சொல்லி வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நிதியாண்டு, கடன் கணக்கு எண், மொத்த வட்டி, மொத்த அசல், இருவர் பங்கும் ரூபாயில், இருவர் பான் எண், இருவர் கையெழுத்து. சான்றிதழ் நகலோடு இணைத்து இருவரும் தத்தம் அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கடிதம்தான் போக வேண்டும். அப்போதுதான் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டாது.

நாங்கள் முதல் ஆண்டு இதைச் செய்யவில்லை. இருவரும் அதே சான்றிதழை அப்படியே கொடுத்தோம், இரண்டு அலுவலகங்களும் முழு வட்டியையும் எடுத்துக்கொண்டன. அந்த ஆண்டு எங்கள் மொத்த வட்டியே 3.1 லட்சம்தான். இருவரும் ஆளுக்கு 2 லட்சம் கழித்திருந்தோம், 90,000 கூடுதல். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. குறைந்த வரியை வட்டியோடு சேர்த்துக் கட்டினோம்.

ஜனவரியில் கிடைப்பது தற்காலிகச் சான்றிதழ் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் மார்ச் வரையிலான தொகை மதிப்பீடுதான். வட்டி விகிதம் மாறினாலோ நடுவில் அசல் கட்டினாலோ எண்கள் மாறும். ஏப்ரலில் இறுதிச் சான்றிதழை எடுத்து, ரிட்டர்னில் அதையே போடுங்கள். அலுவலகம் தரும் படிவம் 16இல் உள்ள எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அலுவலகத்தில் கழிவு விவரங்களைத் தெரிவிக்கும் 12பிபி படிவம் நிரப்பும்போது கடன் கொடுத்த வங்கியின் பெயர், முகவரி, பான் எண் கேட்பார்கள். வங்கியின் பான் பெரும்பாலும் சான்றிதழிலேயே இருக்கும்.

8. வட்டி, அசல், பதிவுச் செலவு: மூன்றுக்கும் விதி வேறு

24(பி) வட்டி, அந்த ஆண்டுக்குச் சேர வேண்டியது என்ற அடிப்படையில். மார்ச் தவணை ஏப்ரலில் போனாலும் மார்ச் வட்டியைக் கேட்கலாம். 80சி அசல், கட்டியிருந்தால் மட்டும்.

80சியில் அசலுக்கும் வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு 1.5 லட்சம் வரம்பு. பதிவு செய்த ஆண்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதில் வரும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக இரண்டும் சேர்த்து 9 சதவீதம், ஆகவே 60 லட்சம் பத்திரத்துக்கு 5.4 லட்சம். இருவர் கணக்கிலிருந்தும் கட்டியிருந்தால் அந்த ஒரு ஆண்டில் இருவர் 80சி வரம்பும் இதிலேயே நிரம்பிவிடும். அடுத்த ஆண்டில் கேட்க முடியாது. வீடு கைக்கு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், அதுவரை 80சியில் கழித்த அசல் எல்லாம் விற்ற ஆண்டில் வருமானமாகத் திரும்பி வரும். வட்டிக்கு இந்த நிபந்தனை இல்லை.

வீடு கட்டி முடியும் வரை எந்த வட்டிக் கழிவும் இல்லை. முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரையிலான வட்டியைக் கூட்டி, ஐந்து சம பாகமாக்கி, முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டு கேட்கலாம். 2022 ஜூலையில் கடன், 2025 டிசம்பரில் வீடு முடிந்தது என்றால் 2025 மார்ச் 31 வரையிலான வட்டி இப்படிப் பிரியும். இதையும் அதே விகிதத்தில்தான் இருவரும் பங்கிட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு இதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ளேயே அடங்கும் என்பதால், நடப்பு வட்டியே வரம்பைத் தொட்டவர்களுக்கு இதனால் கூடுதலாக எதுவும் வராது.

கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால், 2 லட்சம் 30,000 ஆகச் சுருங்கிவிடும். பில்டர் இழுத்தடிப்பவர் என்றால் இந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

9. வாடகைக்கு விட்டிருந்தால்

வாடகை வீட்டில் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை, முழுப் பங்கையும் கழிக்கலாம். ஆனால் வாடகையும் அதே விகிதத்தில் பிரிய வேண்டும். வாடகையை வரி குறைவாக உள்ளவர் கணக்கிலும், வட்டியை வரி அதிகமுள்ளவர் கணக்கிலும் காட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் ஆசை. வாடகை யார் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்பது முக்கியமல்ல, பத்திரத்தில் உள்ள பங்குதான் கணக்கு.

அதே 60 லட்சம் கடன், 50:50, மாத வாடகை 20,000, சொத்து வரி ஆண்டுக்கு 6,000 என்று போடுவோம். 2,40,000இல் 6,000 போக 2,34,000, ஆளுக்கு 1,17,000. அதில் 30 சதவீத நிலைக் கழிவு 35,100 போக 81,900. அதிலிருந்து வட்டிப் பங்கு 2,52,700ஐக் கழித்தால் ஆளுக்கு 1,70,800 நட்டம். பழைய முறையில் இதைச் சம்பளத்தில் கழிக்கலாம், ஆண்டுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை. மிஞ்சினால் எட்டு ஆண்டு வரை எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். புதிய முறையில் வாடகை வருமானம் பூஜ்ஜியமாகும், நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

10. ரிட்டர்னில் நிரப்புதல்

சம்பளக்காரர்கள் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதமானால் புதிய முறைதான், வட்டிக் கழிவு முழுவதும் போய்விடும். வியாபார வருமானம் உள்ளவர்கள் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லும் 10-ஐஇஏ படிவமும் கொடுக்க வேண்டும்.

ஐடிஆர்-2 என்ற ரிட்டர்ன் படிவத்தின் வீட்டுச் சொத்து அட்டவணையில், சொத்து கூட்டாக உள்ளதா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு, உங்கள் சதவீதத்தையும் மற்றவரின் பெயர், பான் எண்ணையும் கொடுங்கள். மனைவி ரிட்டர்னில் இதன் மறுபாதி இருக்க வேண்டும். ஒருவர் 60 என்று போட்டு மற்றவர் 50 என்று போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ரிட்டர்னையும் ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரப்புவது இதற்கு நல்ல மருந்து.

அடுத்தது மிக முக்கியம். வாடகையையும் சொத்து வரியையும் அந்தப் படிவத்தில் முழுமையாகப் போட வேண்டும், உங்கள் பங்கைப் படிவமே கணக்கிட்டுக்கொள்ளும். வட்டியை அது பிரிக்காது. வட்டிக்கான இடத்தில் உங்கள் பங்கை மட்டும் நீங்களே போட வேண்டும். வாடகை பாதியாகிவிட்டதே, வட்டியும் பாதியாகும் என்று நம்பி முழு வட்டியைப் போடுபவர்கள் அதிகம். ஐடிஆர்-1இல் கூட்டு உரிமைக்கு இடம் இல்லாததால் எல்லாவற்றிலும் உங்கள் பங்கையே போடுங்கள்.

கடன் கொடுத்தவர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 நிலுவை ஆகியவையும் இப்போது கேட்கப்படுகின்றன. இவற்றை வங்கியில் உள்ளபடியே இருவரும் போடலாம். இருவர் ரிட்டர்னிலும் ஒரே கடன் கணக்கு எண் இருப்பதால், வட்டியைக் கூட்டிப் பார்ப்பது துறைக்கு எளிது.

11. முந்தைய ஆண்டில் தவறியிருந்தால்

திருத்திய ரிட்டர்ன் போடக் கெடு இருந்தால் உடனே போடுங்கள். அது கடந்திருந்தால், அதிகமாகக் கழித்ததைச் சரிசெய்யப் புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (அந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதங்கள் வரை போடலாம், தாமதத்துக்கு ஏற்பக் கூடுதல் வரி கட்ட வேண்டும். குறைவாகக் கழித்து ரீஃபண்ட் கேட்பதற்கு இது உதவாது. நோட்டீஸ் வரும்வரை காத்திருந்தால், வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதமும், தவறாகக் காட்டியது என்று முடிவானால் 200 சதவீதமும் அபராதம் வரலாம்.

திருத்தும்போது இருவர் ரிட்டர்னையும் பாருங்கள். நாங்கள் முதலில் என்னுடையதை மட்டும் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். மனைவியுடையதில் இருந்த கூடுதல் தொகையை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தோம்.

கிரயப் பத்திரம், கடன் ஒப்பந்தம், உடன்படிக்கை, ஆண்டுவாரியான இறுதிச் சான்றிதழ்கள், பங்குக் கடிதங்கள், தவணைக் கணக்கின் அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.